உனக்கு இதை அனுப்பினது யார்?

லாகுனா பார்தா ஊருக்கு மேலே மோன்ஹா குன்று இருக்கிறது. மோன்ஹா என்றால் கன்னியாஸ்திரி. கீழிருந்து பார்த்தால் முக்காடு போட்ட கன்னியாஸ்திரி ஒருத்தி ஏரியைப் பார்த்து மண்டியிட்டிருப்பது போலத் தெரியும். அந்த முக்காட்டின் உச்சியில் நான்கு இரும்புக் கால்கள், அவற்றின் மேல் சுற்றிலும் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. ஃபெலிசா துப்கின் பத்தொன்பது கோடைகளை அந்த அறையில் கழித்தாள். அந்தத் தென்கோடியில் கோடை தொடங்கும் நவம்பரில் ஏறுவாள். மார்ச் கடைசியில் மழை பிடித்ததும் இறங்குவாள். வேலை ஒன்றே ஒன்றுதான்: பார்ப்பது. காட்டில் எங்காவது புகை தெரிந்தால் ரேடியோவில் கீழே சொல்வது.

பார்த்துக்கொண்டே இருப்பது லேசான வேலை இல்லை. விடியும்போது பள்ளத்தாக்கு முழுக்கப் பாலை ஊற்றி வைத்தது போல மூடுபனி கிடக்கும். வெயில் ஏற ஏற ஏரி ஆவி விடும். சாலையில் லாரி போனால் புழுதி எழும்பி அரை மணி நேரம் அந்தரத்தில் நிற்கும். பைன் மரங்கள் பூத்தால் மஞ்சள் மகரந்தம் காற்றில் திரளும். எல்லாமே புகை மாதிரிதான் இருக்கும். "பனி படுத்துக்கிட்டே எழுந்திரிக்கும், புகை நின்னுக்கிட்டே எழுந்திரிக்கும்" என்று அவள் சொல்வாள். கேட்பவர்களுக்கு ஒன்றும் விளங்காது. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

பிற்பகல்களில் கண்ணைத் திறந்தபடியே ஒரு மாதிரி மிதப்பாள். அப்போது தூரத்துச் சாலையில் அப்பாவின் தபால் லாரி போவது தெரியும். அந்த லாரி பழைய இரும்புக் கடைக்குப் போய் முப்பது வருடம் ஆகிவிட்டது என்பது நினைவுக்கு வர ஒரு நிமிடம் பிடிக்கும். அந்த ஒரு நிமிடத்தை அவள் அவசரப்படுத்த மாட்டாள். லாரி வளைவு திரும்பி மறையும்வரை விட்டுவிடுவாள்.

அப்பாவின் பெற்றோர் கப்பலேறி வந்து வடக்கே எந்த்ரே ரியோஸில் நிலம் உழுதவர்கள். அப்பா தெற்கே வந்து இந்தப் பள்ளத்தாக்குக்குத் தபால் கொண்டு வந்தார். மூன்று மணி நேரம் குதிரையில் போய்ச் சேரவேண்டிய வீட்டுக்குக்கூட அவர் கையால்தான் கடிதம் போகும். அம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளை மேலங்கி தைத்தாள். இன்று ஊரில் ஐம்பதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் அம்மா தைத்த மேலங்கியைப் போட்டவர்களாகத்தான் இருப்பார்கள். ஊரில் ஒரே ஒரு யூத வீடு, அது துப்கின் வீடு. அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதில்லை. கசாப்புக்கடை எவாரிஸ்தோ மட்டும் வருடா வருடம் அவள் மலை ஏறும் நாளில், 'தோன்யா' என்ற மரியாதைச் சொல்லோடு, ஒரே கேலியைச் செய்வான்.

"கன்னியாஸ்திரி தலையில யூதக்காரி ஏறி உக்காரப் போறா! போப்பாண்டவர்கிட்ட அனுமதி வாங்கியாச்சா, தோன்யா ஃபெலிசா?"

"நீ ஏறினாத்தான் அனுமதி வேணும் எவாரிஸ்தோ. கோபுரம் தாங்காது."

கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அவளுடைய கணவன் எண்ணெய்க் கிணறுகளில் வேலை என்று போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. வருவதை மெல்ல மெல்ல நிறுத்திக்கொண்டான், அவ்வளவுதான். மகள் தமரா கோர்தோபாவில் பல் மருத்துவர். ஆக, கோடையில் ஃபெலிசாவுக்கு நாள் தவறாமல் பேசுகிற ஆள் என்று இருந்தது ஒரே ஒரு குரல். தீயணைப்புத் தளத்தின் ரேடியோக்காரன் ஓஸ்வால்தோ ஃப்ரெய்தெஸ்.

எட்டு மணிக்கு, ஒரு மணிக்கு, ஆறு மணிக்கு என்று ஒரு நாளைக்கு மூன்று முறை. காற்று எந்தப் பக்கம், ஈரப்பதம் எவ்வளவு, மேகம் எப்படி. அது முடிந்ததும் இரண்டு வார்த்தை சொந்தப் பேச்சு. அவன் நாற்பது தேனீப் பெட்டிகள் வைத்திருந்தான். எந்தப் பூ பூத்தது, எந்தப் பெட்டியில் புது ராணி என்று சொல்வான். அவள் கழுகுகளைப் பற்றிச் சொல்வாள். குளிர்காலத்தில் ஊரில் எதிர்ப்பட்டால் இருவருக்கும் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும். முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசிப் பழக்கமில்லாத சிநேகம் அது.

யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது அம்மா இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவாள். கோபுரத்தில் தீக்குச்சி கிழிக்கவே கூடாது. கதவிலேயே சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கிறது. அதனால் ஃபெலிசா இரண்டு டார்ச் விளக்குகளை மேசை மேல் நிமிர்த்தி வைப்பாள். மரக்கூரையில் இரண்டு வட்ட வெளிச்சம் விழும். அவளுக்குப் பிரார்த்தனை பாதிதான் தெரியும். தெரிந்த பாதியைச் சொல்வாள். இதை எப்போதோ ஓஸ்வால்தோவிடம் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அவன் கேட்பான்: "என்ன, ரெண்டு நிலாவும் வந்தாச்சா?"

அந்த ஜனவரி ஆறாம் தேதி சாயங்காலம் மழையில்லாத இடி வந்தது. ஒரு சொட்டு இல்லை. வானம் காய்ந்த தோல் மாதிரி விறைத்துக் கிடந்தது, அதைக் கிழித்துக்கொண்டு மின்னல். அறையின் நடுவில் திசைகள் பொறித்த வட்டத் தகடு ஒன்று உண்டு. அதில் உள்ள பார்வைக் கம்பியைத் திருப்பித் திருப்பி, விழுந்த ஏழு மின்னல்களுக்கும் திசையைக் குறித்தாள். நான்காவது, ஓடைக்கு மேலே கோய்வே மரங்கள் நெருங்கி நிற்கும் சரிவில் விழுந்தது. மறுநாள் ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கிழட்டுக் கோய்வே மரம் நெருப்பை வயிற்றுக்குள் வாங்கி மூன்று நான்கு நாள் சத்தமில்லாமல் வைத்திருக்கும்.

ஒன்பதாம் தேதி பதினொன்று நாற்பதுக்கு, அந்தச் சரிவிலிருந்து தையல் நூல் மாதிரி ஒரு நீலக் கோடு நின்றபடி எழுந்தது.

"தளம், தளம், மோன்ஹா பேசறேன். புகை. நாலாவது மின்னல் விழுந்த இடம். இப்பத்தான் ஆரம்பிக்குது. ஒரு விமானம், ரெண்டு தொட்டித் தண்ணி, அதோட முடிஞ்சிரும்."

"கேட்டேன் ஃபெலி. மேல சொல்றேன்."

பன்னிரண்டு பத்துக்கு அவன் குரல் மறுபடி வந்தது. "சொல்லிட்டேன். காத்திருக்கச் சொல்றாங்க. யாரோ கையெழுத்துப் போடணுமாம்."

"காத்து திரும்பப் போகுது ஓஸ்வால்தோ."

"சொல்லிட்டேன்ம்மா. காத்திருக்கச் சொல்றாங்க."

நான்கு மணிக்கு மேற்கேயிருந்து காற்று இறங்கியது. அதற்கப்புறம் பதினோரு நாள் எரிந்தது. அறுபத்திரண்டு வீடுகள். ஆட்கள் எல்லாரும் தப்பினார்கள். ஆடுகள், குதிரைகள், ஓஸ்வால்தோவின் நாற்பது பெட்டிகள் எதுவும் தப்பவில்லை. ஃபெலிசா கோபுரத்தை விட்டு இறங்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே சூரியன் ஒரு தாமிரக் காசு போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் கன்னியாஸ்திரியும் இல்லை, ஏரியும் இல்லை. பழுப்பு நிறக் கடலில் ஒரு கண்ணாடிப் பெட்டி மிதந்துகொண்டிருந்தது, உள்ளே அவள். தூங்கினாளா விழித்திருந்தாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை. கேட்ட திசைகளை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த நாட்களில் ஓஸ்வால்தோ சொந்தப் பேச்சு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள் மாற்று ஆள் வந்து, அவள் கீழே இறங்கினாள். ஊர் முழுக்கச் சாம்பல் விழுந்துகொண்டிருந்தது. மெதுவாக, எடையில்லாமல், பூ உதிர்வது போல. அவள் நேராக ரொட்டிக்கடைக்குப் போனாள். கடைக்காரி க்ளெலியா வழக்கமாக ரொட்டியைத் தாளில் சுற்றிக் கையில் கொடுப்பவள். அன்றைக்குப் பலகை மேல் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னால் நின்ற இருவர் பேச்சை நிறுத்தினார்கள். களைப்பில் தனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது என்று ஃபெலிசா நினைத்தாள். வீட்டுக்கு வந்தால் வெளிக்கதவில் கறுப்புச் சாயத்தில் 'கொளுத்தினவள்' என்று எழுதியிருந்தது. எழுத்து இன்னும் காயவில்லை. விரலில் ஒட்டியது.

பக்கத்து வீட்டு எர்மெலிந்தா நாவெல்கீர் வேலியைத் தாண்டி வந்தாள். அந்த மண்ணின் பூர்வகுடியான மாப்பூச்சே பெண், ஃபெலிசாவை விட இரண்டு வயது மூத்தவள், சின்ன வயதில் ஒரே குதிரையில் பள்ளிக்கூடம் போனவர்கள். ஒரு கையில் மண்ணெண்ணெயில் நனைத்த துணி, இன்னொரு கையில் போன்.

"முதல்ல படி. அப்பறம் துடைப்போம்."

செய்தி நீளமானது. யூதர்கள் தெற்கைப் பிடித்துத் தங்களுக்கென ஒரு நாடு ஆக்கப்போகிறார்கள், அதற்காகக் காட்டைக் கொளுத்தி மக்களை விரட்டுகிறார்கள் என்று ஆரம்பித்தது. அந்தக் கதை அவள் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே இந்த நாட்டில் சுற்றுகிற கதை. முதுகில் பை மாட்டிய யூதச் சுற்றுலாப் பையன்களின் படம் ஒன்று, எந்த நாடு எந்த வருடம் என்று தெரியாத ஒரு காட்டுத்தீயின் படம் ஒன்று. கடைசியில் இரண்டு வரிகள்: 'லாகுனா பார்தா கோபுரத்தில் இருப்பவளும் அவர்களில் ஒருத்திதான், புகையைப் பார்த்தும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவள் ஜன்னலில் இரண்டு விளக்கு தெரியும், அது யாருக்கு சைகை?'

ஃபெலிசா அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தாள்.

"போன தீயை வச்சது நாங்க, மாப்பூச்சேக்காரங்க," என்றாள் எர்மெலிந்தா, கதவைத் துடைத்துக்கொண்டே. "இந்தத் தீயை வச்சது நீங்க. அடுத்ததுக்கு யாரைப் பிடிப்பாங்களோ தெரியல, ஊர்ல ஆளே மிச்சமில்ல."

ஃபெலிசாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்போது அது அழுகையாகிவிட்டது.

தமரா போனில் கத்தினாள். "அம்மா, உன் போட்டோ ஒரு பக்கத்துல ஓடுது. லட்சக்கணக்குல ஆளுங்க பாக்கற பக்கம். நீ எதையும் திறக்காத. பெட்டியைக் கட்டிக்கிட்டு இங்க வா."

திறக்காதே என்று சொன்னால் யார்தான் திறக்க மாட்டார்கள். ஒரு முழுப் பிற்பகல் சமையலறையில் உட்கார்ந்து படித்தாள். மெக்சிகோவிலிருந்து ஒருவன், ஸ்பெயினிலிருந்து ஒருத்தி, எங்கிருந்து என்றே தெரியாத பலர். அவளையும் கோபுரத்தோடு சேர்த்துக் கொளுத்த வேண்டும் என்று ஒருவன் எழுதியிருந்தான், கீழே சிரிக்கிற முகங்களின் வரிசை. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. ஏரிக்கடியில் நடப்பது போல இருந்தது அவளுக்கு. சத்தமே இல்லை, ஆனால் எல்லாப் பக்கமும் வாய்கள் அசைந்தன. இத்தனை பேர் அவளை அறிந்திருந்தார்கள். அவளுக்கு இவர்களில் ஒருவரையும் தெரியாது. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

காவல் நிலையத்தில் புகாரை எழுதி வாங்கிக்கொண்டு, "இன்டர்நெட் சமாச்சாரம், பாக்கலாம்" என்றார்கள். வெளியே வந்து வாசற்படியில் நின்றபோது அவளுக்குத் தன் வேலை நினைவுக்கு வந்தது. புகையை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது எங்கே எரிகிறது என்று தெரியாது. தகட்டில் திசை குறித்து, அந்தக் கோடு பிடித்துப் போக வேண்டும். மெக்சிகோக்காரனுக்கு அவளால் கோடு பிடிக்க முடியாது. ஆனால் அந்தக் கடைசி இரண்டு வரி இந்த ஊரில் எழுதப்பட்டது.

முதலில் எர்மெலிந்தா. "எனக்கா? க்ளெலியா அனுப்பினா. என்னைத் திட்டறதுக்குப் பதிலா முதல் தடவையா வேற யாரையோ திட்டி வந்திருக்கேன்னு படிச்சேன், பாத்தா நீ."

ரொட்டிக்கடையில் க்ளெலியா மாவு படிந்த கையோடு நின்றாள். எரிந்த அறுபத்திரண்டு வீடுகளில் ஒன்று அவளுடைய தங்கை வீடு.

"உனக்கு இதை அனுப்பினது யார் க்ளெலியா?"

"நான் நம்பல தோன்யா. சும்மா... எல்லாரும் அனுப்பினாங்க."

"நம்பாமயா அனுப்பினே?"

"ஒருவேளை உண்மையா இருந்தா?" என்றாள் க்ளெலியா. சொன்ன பிறகு முகம் சிவந்தது. "எவாரிஸ்தோ அனுப்பினான்."

கசாப்புக்கடையில் எவாரிஸ்தோ கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான். கேலி எதுவும் வரவில்லை. "இங்க பாருங்க தோன்யா, ஆட்டுக்கறி கேக்க வந்தீங்களா, கேள்வி கேக்க வந்தீங்களா?"

"கேள்வி."

"ஒத்திலியா டீச்சர் அனுப்பினாங்க. டீச்சரே அனுப்பறாங்கன்னா விஷயம் இருக்கும்னு நினைச்சேன். நான் நாலாவது வரைக்கும்தான் படிச்சேன்."

"எங்கம்மா தைச்ச மேலங்கியைப் போட்டுக்கிட்டுத்தான் அந்த நாலாவது படிச்சே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஒத்திலியா டீச்சர் ஓய்வு பெற்று ஆறு வருடம். ஃபெலிசாவை உள்ளே கூப்பிட்டு, மாத்தேத் தேநீர் ஊற்றி, உறிஞ்சும் குழலைத் துடைத்துக் கொடுத்தார். எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது. ஜன்னலுக்கு வெளியே சாம்பல் விழுந்துகொண்டிருந்தது.

"ஆமாம்மா, வந்துச்சு. எழுத்துப் பிழை ரொம்ப இருந்துச்சு. கமா, முற்றுப்புள்ளி எதுவுமே இல்ல. திருத்தித்தான் அனுப்பினேன்."

ஃபெலிசா குழலிலிருந்து வாயை எடுத்தாள். "அந்தக் கடைசி வரியிலயும் பிழை இருந்துச்சா டீச்சர்?"

டீச்சருக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த சர்க்கரைக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இருந்துச்சு," என்றார் மெல்ல. "சைகைன்னு எழுதத் தெரியல அவனுக்கு."

"அவன்னா?"

டீச்சர் அந்தப் பெயரைச் சொல்வதற்கு முன்பே ஃபெலிசாவுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை விளக்குகளைப் பற்றி அவள் இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் பேசியிருந்தாள். ஆனாலும் டீச்சர் வாயால் கேட்கும்வரை, யாரோ கீழிருந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்கலாம், ரேடியோவை வேறு யாரோ ஒட்டுக்கேட்டிருக்கலாம் என்று மனம் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தது.

ஓஸ்வால்தோ எரிந்துபோன தேனீப் பெட்டிகளுக்கு நடுவில் குந்தியிருந்தான். பெட்டிகள் இருந்த இடத்தில் ஆணிகளும் கறுத்த மெழுகும் மட்டும் வரிசையாகக் கிடந்தன. ஒரு தேக்கரண்டியால் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"மோன்ஹா," என்றான், ரேடியோவில் கூப்பிடுவது போலவே.

"ஏன்?"

கரண்டியில் ஒட்டிய மெழுகைத் தட்டினான். "முதல் பாதி வடக்கேயிருந்து யாரோ அனுப்பினது. என் பட்டாளத்து சார்ஜென்ட் சொன்ன அதே கதை. பதினெட்டு வயசுல மைதானத்துல நிக்க வச்சுச் சொல்வாரு, இவங்க தெற்கைத் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு. நாப்பது வருஷம் அது எங்கயோ உள்ளதான் கிடந்திருக்கு. எனக்கே தெரியாது."

"அது முதல் பாதி. நான் கேக்கறது ரெண்டாவது பாதி."

"நீ பதினொன்னு நாப்பதுக்குச் சொன்னே," என்றான் ஓஸ்வால்தோ. "நான் பன்னெண்டு மணிக்குத்தான் மேல சொன்னேன். கை ரேடியோவோட இங்க வந்து, பெட்டியில ராணி மாத்திக்கிட்டிருந்தேன், கையெல்லாம் தேன். இருபது நிமிஷம். அப்பறம் அவங்க காத்திருக்கச் சொன்னாங்க, நானும் சரின்னுட்டேன். கத்தல. இன்னொரு தடவை கூப்பிடல. அந்த இருபது நிமிஷத்துல ஒண்ணும் மாறியிருக்காதுன்னு எல்லாரும் சொல்வாங்க. ஆனா எனக்குக் கண்ணை மூடினா தேன் வழியற கைதான் தெரியுது. யாராவது ஒருத்தர் பேர் வேணும்னு இருந்துச்சு ஃபெலி. என் பேர் இல்லாத ஒரு பேர். அந்தச் செய்தி வந்துச்சு, அதுல உன் ஜனங்க பேர் ரெடியா இருந்துச்சு. ரெண்டு வரி சேத்தேன். அன்னைக்கு நல்லாத் தூங்கினேன்."

ஃபெலிசா பக்கத்தில் உட்காரவில்லை. அவனை அடிக்க வேண்டும் போலவும், அந்தக் கரண்டியை வாங்கித் தானும் சுரண்ட வேண்டும் போலவும் ஒரே நேரத்தில் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"ஞாயித்துக்கிழமை அந்த மரத்துக்குப் போறேன்," என்றாள். "நீ வரணும்னா வா."

மறுநாள் மதியம் ஊர் எஃப்எம்மில் மலைவாசிகளுக்கான அறிவிப்பு நேரம். யாருடைய மாடு காணாமல் போனது, யாருக்கு மருத்துவமனையில் முறை என்று படிப்பார்கள். நடுவில் எர்மெலிந்தா எழுதிக் கொடுத்ததையும் படித்தார்கள்: "ஃபெலிசா துப்கினைப் பத்திச் செய்தி கிடைச்சவங்க, அதை அனுப்பினவங்க, எல்லாரும் ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்குக் கோபுரப் பாதை வாசலுக்கு வரவும். தீ எங்க ஆரம்பிச்சதுன்னு அவங்களே காட்டுவாங்க. நல்ல ஷூ போட்டுட்டு வரவும்."

இரண்டு பேர் வந்தால் அதிகம் என்று நினைத்திருந்தாள். பதினாலு பேர் நின்றார்கள். ஒத்திலியா டீச்சர் ஊன்றுகோலோடு. எவாரிஸ்தோ இப்போதே மூச்சு வாங்கிக்கொண்டு. க்ளெலியாவும் அவள் கணவன் செகுந்தோவும். கடைசியாக, யாரோடும் சேராமல், ஓஸ்வால்தோ.

கறுத்த மரங்களுக்கு நடுவில் மூன்று மணி நேரம் ஏறினார்கள். காலடியில் மண் மாவு போலப் பொங்கியது. பறவை ஒன்றும் இல்லாததால் அவரவர் மூச்சு அவரவருக்குக் கேட்டது. நடப்பது மாதிரியே இல்லை, யாரோ கண்ட கனவுக்குள் வரிசையாகப் போவது மாதிரி இருந்தது என்று பிறகு டீச்சர் சொன்னார். சரிவின் மேலே அந்தக் கோய்வே நின்றது. ஆறு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம். உச்சியிலிருந்து வேர்வரை, மின்னல் தண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கிய பிளவு. ஆள் நுழையும் அகலம். உள்ளே மரம் குழாய் போல வெறுமையாக எரிந்திருந்தது.

ஃபெலிசா குறிப்பேட்டைத் திறந்து படித்தாள். தேதி, நேரம், ஏழு மின்னல், நாலாவதின் திசை. அப்புறம் ஒன்பதாம் தேதி, பதினொன்று நாற்பது. ஒருவர் பின் ஒருவராக அந்தப் பிளவுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். எவாரிஸ்தோ தோள்வரை விட்டான்.

"கோடரியால யார் வேணா இப்படிக் கீறலாம்," என்றான் செகுந்தோ.

"முப்பது மீட்டர் உசரத்துலயா?" என்றாள் எர்மெலிந்தா.

"அவங்ககிட்ட எல்லாம் இருக்கு. இதை எழுதினவங்க முட்டாளுங்களா?"

"எழுதினது நான்," என்றான் ஓஸ்வால்தோ.

எல்லாரும் திரும்பினார்கள். அவன் மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான், பதினொன்று நாற்பது, இருபது நிமிடம், தேன் கை, எல்லாவற்றையும். குரல் ரேடியோக் குரல்தான், தெளிவாக, ஏற்ற இறக்கமில்லாமல். "கோபுரம் சொல்லிருச்சு. தளம்தான் தாமதம். ரெண்டு வரி நான் எழுதினது. பொய்." க்ளெலியா அவனை நோக்கி இரண்டடி வைத்து, பிறகு நின்று, முகத்தை மூடிக்கொண்டாள். செகுந்தோ அப்போதே தனியாக இறங்கிப் போய்விட்டான். கடைசிவரை அவன் மாறவில்லை. ஓஸ்வால்தோவுக்குப் பணம் கொடுத்துச் சொல்ல வைத்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வான்.

திரும்பும் வழியில் கோபுரத்தடியில் உட்கார்ந்தார்கள். அங்கேதான் போனுக்குச் சிக்னல் வரும். ஃபெலிசா ஒன்றே ஒன்று கேட்டாள். "எனக்கு மன்னிப்பெல்லாம் வேணாம். அதை யார் யாருக்கு அனுப்பினீங்களோ, அவங்களுக்கு இதையும் அனுப்புங்க. நீங்களே எழுதுங்க, உங்க பேர் போட்டு." பதின்மூன்று பேரும் குனிந்து விரலால் தட்டத் தொடங்கினார்கள். டீச்சர் யாருடையதையும் திருத்தவில்லை.

ஊரில் அது வேலை செய்தது, ஓரளவு. ரொட்டி மறுபடி கைக்கு வந்தது. சிலர் தெருவைக் கடந்துகொள்வது நிற்கவில்லை. ஊருக்கு வெளியே போன செய்தி திரும்பி வரவில்லை. தலைநகரில் இப்படிப்பட்டவற்றைக் கண்காணிக்கிற ஒரு சங்கத்துக்குத் தமரா எழுதி, அவர்கள் விடாமல் துரத்தி, ஐந்து வாரம் கழித்து அந்தப் பக்கம் அவள் படத்தை நீக்கியது. அதற்குள் படம் வேறு மொழியில், வேறு பெயரில், வேறொரு நாட்டுத் தீக்கு இடம் மாறியிருந்தது. அங்கே அவள் இப்போது எதைக் கொளுத்திக்கொண்டிருக்கிறாளோ என்று எர்மெலிந்தா கேட்பாள். மகள் எவ்வளவு கூப்பிட்டும் ஃபெலிசா கோர்தோபாவுக்குப் போகவில்லை. அடுத்த கோடைக்கும் கையெழுத்துப் போட்டாள். வேறு ரேடியோக்காரன் வேண்டுமா என்று தளத்தில் கேட்டார்கள். ஓஸ்வால்தோவும் வந்து அதையே கேட்டான்.

"இன்னொரு குரலைப் பழக எனக்கு இன்னொரு பத்தொம்பது வருஷம் இல்ல," என்றாள். "காத்து எந்தப் பக்கம்னு கேளு, சொல்றேன். வேற ஒண்ணும் இப்பக் கேக்காத."

அக்டோபரில் பனி உருகியதும், எரிந்த சைப்ரஸ் காட்டில் மொரேல் காளான் முளைத்தது. தீப்பட்ட மண்ணில், தீக்கு அடுத்த வசந்தத்தில் அப்படி முளைக்கும். தேன்கூட்டைப் போலத் துளை துளையான தலைகள், சாம்பலுக்குள்ளிருந்து ஆயிரக்கணக்கில். ஊரே கூடைகளோடு போனது. கறுத்த தண்டுகளுக்கு நடுவில் காலை மூடுபனி அலைந்தது. அதில் ஒருவர் மறைய ஒருவர் தெரிய, குனிந்து குனிந்து பறித்தார்கள். வெளியூரிலிருந்து காளான் வாங்க வந்த வியாபாரி ஒருவன் லாரியில் சாய்ந்துகொண்டு பேச்சுக் கொடுத்தான்.

"இதைத்தானே யூதனுங்க கொளுத்தினாங்க? கோபுரத்துல யாரோ ஒருத்தியாமே?"

ஃபெலிசா பத்தடி தள்ளி, கூடையோடு மண்டியிட்டிருந்தாள். நிமிர்வதற்குள் எவாரிஸ்தோவின் குரல் முந்திக்கொண்டது.

"யாருய்யா சொன்னது? மின்னல்! நானே என் ரெண்டு கண்ணால பாத்தேன், அந்தச் சரிவுல, டமார்னு விழுந்துச்சு, நான் நின்ன தரையே ஆடிருச்சு!"

வியாபாரி வாயைப் பிளந்தான். ஃபெலிசா எழுந்து முழங்கால் சாம்பலைத் தட்டிக்கொண்டாள்.

"நீ பாக்கல எவாரிஸ்தோ," என்றாள். "மின்னலைப் பாத்தது நான். நீ பாத்தது மரத்தை, அதுவும் மூணு வாரம் கழிச்சு."

"அட, உங்களுக்காகத்தானே சொல்றேன் தோன்யா!"

"தெரியும். ஆனாலும் பாத்ததை மட்டும் சொல்லு."

எவாரிஸ்தோ கன்னத்தைச் சொறிந்தான். வியாபாரியைப் பார்த்து, கொஞ்சம் தணிந்த குரலில் மறுபடி ஆரம்பித்தான்: "சரி. மரத்தைப் பாத்தேன். உள்ள கையை விட்டேன். தோள்வரைக்கும் போச்சு." அவன் பிளவு எவ்வளவு அகலம் என்று கையால் காட்டிக்கொண்டிருக்கும்போதே, ஃபெலிசா கூடையை எடுத்துக்கொண்டு எர்மெலிந்தா கூப்பிட்ட பக்கம் நடந்தாள். அங்கே காளான் இன்னும் நெருக்கமாக இருந்தது.